சுது கங்கைக் கரையில்: மாத்தளையின் எழுதப்பட்ட வரலாறும் எழுதப்படாத வரலாறும்

மாத்தளையை அறிந்தவர்களுள் பெரும்பாலோர் அதனைக் கடந்து சென்றவர்களே. தம்புள்ளைக்கும் சிகிரியாவுக்கும் செல்லும் உல்லாசப் பயணிகள் வீதியோர வாசனைத் திரவியத் தோட்டமொன்றில் இறங்குவர். கராம்பும் சாதிக்காயும் வாங்குவர். முத்துமாரியம்மன் கோயிற் கோபுரத்தைப் படம் பிடித்துக்கொண்டு வந்த வேகத்திலேயே புறப்பட்டு விடுவர். கண்டியிலிருந்து வடக்கே 26 கிலோமீற்றர் தூரத்திலுள்ள இந்த நகரம் ஒரு நிறுத்தம் மட்டுமே என்ற எண்ணம் வெளியாருக்கு மட்டும் உரியதல்ல. இங்கேயே பிறந்து வளர்ந்த நம்மவர்களிடமும் அது ஊறிப்போயிருக்கிறது. வரலாறு என்றால் அநுராதபுரம், பொலன்னறுவை. முஸ்லிம் வரலாறு என்றால் பேருவளை, காலி, புத்தளம், கிழக்குக் கரை. மலையடிவாரத்தில் வாழும் நமக்கு வரலாறு உண்டா என்று கேட்கத் தோன்றுவதேயில்லை.

இக்கேள்வியை மனத்திற் கொண்டு, மாத்தளை நகரையும் அதனைச் சூழவுள்ள இடங்களையும் சுற்றிப் பார்த்தபோது எழுந்த எண்ணங்களே இக்கட்டுரை.

வெள்ளைக் கங்கை

மாத்தளையை ஊடறுத்து வடக்கு நோக்கி ஓடுவது சுது கங்கை. 'சுது' என்றால் சிங்களத்தில் வெள்ளை. பெரிய ஆறல்ல. உக்குவளைப் பக்கமிருந்து வந்து, நகரைத் தொட்டு, வயல்களையும் தென்னந்தோப்புகளையும் கடந்து சென்று அம்பன் கங்கையுடன் கலக்கிறது. அம்பன் கங்கையோ மகாவலியில் சென்று சேர்கிறது.

நான் சிறுவனாக இருந்த காலத்துக் கங்கைக்கும் இன்றைய கங்கைக்கும் பெரிய வேறுபாடு உண்டு. 1976இல் கண்டிக்கருகே பொல்கொல்லையில் மகாவலி மறிக்கப்பட்டு, மலையைக் குடைந்து அமைத்த ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளச் சுரங்கத்தின் வழியே அதன் நீர் உக்குவளை மின்நிலையத்துக்குக் கொண்டுவரப்பட்டது. மின்சாரம் பிறப்பித்த பின் அந்நீர் சுது கங்கையில் விழுகிறது. அங்கிருந்து போவதென்னை நீர்த்தேக்கம். போவதென்னையிலிருந்து ஒரு பகுதி மற்றொரு சுரங்கத்தின் வழியே கலாவெவப் பக்கம் திரும்புகிறது. மறுபகுதி அம்பன் கங்கை வழியே, 2018இல் திறக்கப்பட்ட மொரகஹகந்த நீர்த்தேக்கத்தை அடைந்து, மகாசேனன் கட்டிய மின்னேரியாக் குளம் போன்ற பழைய குளங்களுக்குப் போகிறது. கோடையில் கூழாங்கற்களின் மேல் கணுக்கால் நனைய நடந்து கடந்த எங்கள் கங்கை, 1976க்குப் பின் அயலூர்த் தண்ணீரைச் சுமக்கும் வாய்க்காலாகவும் ஆயிற்று.

சுமப்பதும் கடத்துவதும் மாத்தளைக்குப் புதிய தொழில் அல்ல. கரைநாட்டையும் கண்டி நாட்டையும் இணைத்த வழிகளுள் ஒன்று இந்தப் பள்ளத்தாக்கு. இங்குள்ள ஒவ்வொரு சின்னத்தையும் இந்த வழியோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதன் பொருள் விளங்கும்.

கோட்டையும் குன்றுகளும்

நகரின் நடுவே மக்டோவல் கோட்டையின் வாயில் நிற்கிறது. கண்டி இராச்சியத்தின் மீது படையெடுத்த ஆங்கிலேயர் 1803இல் அமைத்த காவலரண் அது. இன்று எஞ்சியிருப்பது வாயில், உள்ளே மயானம். மாத்தளையைப் பிடித்தவன் கண்டிக்கு வடக்கேயுள்ள வழியைப் பிடித்தவன் என்பதை ஆங்கிலேயர் அறிந்திருந்தனர். அவர்களுக்கு முன்னரே கண்டி மன்னர்களும் அறிந்திருந்தனர். 17ஆம் நூற்றாண்டில் மன்னன் செனரத் தன் நாட்டை மூன்று இளவரசர்களுக்குப் பிரித்தபோது, மாத்தளை விஜயபாலனுக்கு வந்தது. பின்னர் இரண்டாம் இராஜசிங்கனோடு பகைத்த விஜயபாலன் போர்த்துக்கேயரிடம் அடைக்கலம் புகுந்து, கோவாவில் இறந்தான்.

மாத்தளையின் பெயர் உலகறிய அடிபட்டது 1848இல். ஆளுநர் டொரிங்டன் துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வண்டிக்கும் வரி விதித்தார். வளர்ந்த ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும், இல்லையேல் பணம் கட்டவேண்டும் என்றொரு சட்டமும் வந்தது. கோப்பித் தோட்டங்களுக்காகக் காணிகளை இழந்திருந்த மக்கள் பொங்கி எழுந்தனர். அவ்வாண்டு ஜூலையில் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டான். மாத்தளைக் கச்சேரி தாக்கப்பட்டது. இராணுவச் சட்டம் பிறந்தது. புரன் அப்பு ஆகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் கொல்லப்பட்டான். பௌத்த பிக்கு ஒருவர் காவியுடையோடு சுடப்பட்ட செய்தி பிரித்தானியப் பாராளுமன்றம் வரை சென்றது. மலைகளுள் மறைந்து திரிந்த கொங்காலேகொட பண்டா செப்டெம்பரில் எல்கடுவையில் பிடிபட்டு, மலாக்காவுக்கு நாடு கடத்தப்பட்டு, மறு ஆண்டு அங்கேயே இறந்தான். இன்று எல்கடுவைப் பக்கத்துச் செம்புவத்தை ஏரிக்குப் படகு விடச் செல்லும் இளைஞர்களுள் எத்தனை பேர் இதனை அறிவர்?

அக்காலத்தில் குடியேற்றச் செயலாளராக இருந்தவர் எமர்சன் டெனன்ட். கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட முறை பற்றி எழுந்த கண்டனத்தில் டொரிங்டனோடு சேர்ந்து பதவியிழந்து நாடு திரும்பியவர். இலங்கையைப் பற்றிப் பெரிய நூலும் எழுதினார். மாத்தளைக்குக் கிழக்கே எழுந்து நிற்கும் நக்கிள்ஸ் மலைகளில் மட்டுமே வாழும் ஓர் ஓணான் உண்டு. மூக்கின் நுனியில் இலை போன்ற சதை நீட்சி கொண்டது. 1861இல் அதற்கு அறிவியற் பெயர் வைத்தபோது டெனன்டின் பெயரையே சூட்டினர். மடக்கிய கைமுட்டியின் கணுக்களைப் போலத் தோன்றுவதால் மலைக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் நக்கிள்ஸ். சிங்களவரின் தும்பறை மலைக்கும் அதில் வாழும் ஓணானுக்கும் வென்றவர்களின் நாவில் வந்த பெயர்கள் நிலைத்து விட்டன. இரத்தோட்டை வழியாக ரிவஸ்டன் கணவாய் ஏறி, மேகம் முகத்தில் மோத நின்றபோது எனக்குத் தோன்றியது இதுதான்: எழுதி வைத்தவனுடைய பெயரே நிலைக்கிறது.

நக்கிள்ஸ் 2000இல் பாதுகாக்கப்பட்ட வனமாகப் பிரகடனம் செய்யப்பட்டு, 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. முகில்காடு, அதற்கப்பால் பிட்டவலைப் பத்தனையின் புல்வெளி, அதற்கும் அப்பால் வறண்ட வலயத்தின் காடு. அரை நாட் பயணத்தில் மூன்று நாடுகளைக் கண்டது போலிருக்கும். ஈர வலயமும் வறண்ட வலயமும் கைகோக்கும் இந்த அமைப்பே, ஏலமும் மிளகும் கொக்கோவும் ஒரு பக்கம், நெல்லும் குரக்கனும் மறு பக்கம் என மாத்தளையைச் சந்தையாக்கியது.

வடபாதை

கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வள்ளங்களில் மன்னார்ப் பக்கம் வந்திறங்கிய தொழிலாளர், மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை என்று காட்டு வழியே நடந்து மாத்தளையை அடைந்தனர். மலைநாட்டின் வாசல் அது. வாசலை எட்டுமுன் காலராவாலும் காய்ச்சலாலும் பசியாலும் ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே மடிந்தனர். அவர்களுக்குக் கல்லறை இல்லை. 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டு தோட்டங்கள் அழிந்து, தேயிலையும் கொக்கோவும் வந்த பின்னும் அவர்களின் சந்ததியினரே அவற்றையும் வளர்த்தனர்.

நடந்து வந்தோரின் தெய்வம் மாரியம்மன். 1874இல் எழுந்த முத்துமாரியம்மன் கோயில் 1983இன் தீயில் எரிந்தது. பின்னர் 108 அடி உயர இராஜகோபுரத்தோடு மீண்டும் எழுந்தது. எரித்தவர்களுக்கு அளித்த விடையாகவே அக்கோபுரம் எனக்குத் தோன்றும். 1880இல் மாத்தளை வந்தடைந்த புகையிரதப் பாதை இங்கேயே முடிவடைவதும் இந்நகருக்குப் பொருத்தமானதே. மாத்தளை சோமு, மாத்தளை கார்த்திகேசு, மாத்தளை வடிவேலன் என்று எழுத்தாளர்கள் ஊர்ப் பெயரை முன்னால் அணிந்துகொண்டதையும் நினைக்கிறேன். மலரன்பனும் பண்ணாமத்துக் கவிராயரும் இம்மண்ணினரே. நடந்து வந்தவர்களின் துயர் அச்சேறியது. எழுதக்கூடிய பிள்ளைகள் அவர்களுக்கு வாய்த்தனர்.

அதே பாதையில், அவர்களுக்கு வெகு காலத்துக்கு முன்பிருந்தே நடந்தவர்கள் தவளக்காரர்கள். தவளம் என்பது பொதிமாடுகளின் வரிசை. வண்டி செல்லும் வீதி மலைநாட்டில் இல்லாத காலம். கரையிலிருந்து உப்பு, கருவாடு, புடவை மேலேறும். மலையிலிருந்து பாக்கும் மிளகும் கீழிறங்கும். கண்டி அரசில் இப்போக்குவரத்துக்கென்றே 'மடிகே' என்றொரு திணைக்களம் இருந்தது. அதில் முஸ்லிம்கள் முக்கிய இடம் வகித்தனர். போர்த்துக்கேயரால் 1626இல் கரையோரத்திலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களுக்கு மன்னன் செனரத் புகலிடம் அளித்ததை நாம் மேடைதோறும் சொல்கிறோம். ஆனால் புகலிடம் பெற்றவர்கள் அதன்பின் என்ன செய்து பிழைத்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. உப்பில்லாத மலைநாட்டுக்கு உப்புக் கொண்டுவந்தவர்களின் கதை அது. கண்டி முஸ்லிம்களின் இப்பணிகளை ஆவணங்களிலிருந்து தொகுத்து 1994இல் நூலாக்கியவர் லோர்னா தேவராஜா என்னும் சிங்கள வரலாற்றாசிரியை. நாம் அவருக்குக் கடன்பட்டவர்கள். ஆயினும் அவர் கண்டவை அரசாங்க ஏடுகள். தவளக்காரன் வீட்டு ஏட்டை அவருக்கு யார் காட்டியிருக்க முடியும்?

குருநாகல் மாவட்டத்தில் மடிகே மிதியாலை என்று ஒரு முஸ்லிம் கிராமம் உண்டு. ஊர்ப்பெயரே ஆவணமாக நிற்கும் இடம் அது. மாத்தளையிலோ கொங்காவளையிலும் வரக்காமுறையிலும் உக்குவளையிலும் வாழும் நம்மிடம், எந்தக் குடும்பம் எந்த வழியால் எப்போது வந்தது என்று கேட்டால், "ஆதியிலிருந்தே இங்குதான்" என்ற ஒரே பதிலே கிடைக்கிறது.

அலுவிகாரையின் ஏடுகள்

நகரிலிருந்து வடக்கே மூன்று கிலோமீற்றரில் அலுவிகாரை. ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும் பெரும் பாறைகளுக்கிடையே குகைகள். பௌத்த உலகத்துக்கே முதன்மையான ஒரு நிகழ்ச்சி இங்கு நடந்ததென்பது மரபு. புத்தரின் போதனைகள் பல நூறாண்டுகளாக மனனமாகவே ஓதப்பட்டு, குருவிடமிருந்து சீடனுக்கு வந்தன. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், தமிழ்ப் படையெடுப்பும் நீண்ட பஞ்சமும் நாட்டை உலுக்கின. ஓதி வைத்திருந்த பிக்குகள் பட்டினியால் இறந்தனர். ஒருவர் இறந்தால் அவர் மனத்திலிருந்த பகுதியும் இறந்துவிடும் என்ற அச்சத்தில், எஞ்சியோர் கூடித் திரிபிடகத்தை ஓலையில் எழுதினர். எழுதப்பட்டதை மகாவம்சம் சொல்கிறது. இடம் மாத்தளை அலுவிகாரை என்பதைப் பிற்கால நூல் சொல்கிறது. இங்கிருந்த ஏட்டுச்சேர்க்கை 1848இல் பெரிதும் அழிந்ததென்பர். இன்றும் அங்கே ஓலையில் எழுத்தாணியால் கீறி, கரி பூசித் துடைத்து, எழுத்துத் தோன்றுவதைக் காட்டுகிறார்கள்.

அதைப் பார்த்து நின்றபோது யமாமா நினைவுக்கு வராத முஸ்லிம் இருக்க முடியாது. நபிகளார் மறைந்த சிறிது காலத்தில் யமாமாப் போரில் குர்ஆனை மனனமிட்டிருந்தோர் பலர் ஷஹீதாகினர். உமர் (ரலி) அஞ்சி வற்புறுத்த, கலீபா அபூபக்ர் (ரலி) முதலில் தயங்கிப் பின் இணங்கினார். ஸைத் இப்னு தாபித் (ரலி) திரட்டும் பணியை ஏற்றார். மார்க்கங்கள் வேறு, காலங்கள் வேறு. ஆனால் நினைவை மட்டும் நம்பியிருக்க முடியாது என்று உணர்ந்த மனிதரின் கவலை ஒன்றே.

அந்தக் கவலையின் சந்ததியார் நாம். இருந்தும் என்ன செய்தோம்? என் வீட்டு நிகழ்ச்சியொன்றைச் சொல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

பொல்கொல்லைத் தண்ணீர் வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர். எங்கள் பழைய வீட்டின் கூரையை மாற்றியபோது, பரணிலிருந்த மரப்பெட்டியில் ஒரு காகிதக் கட்டு கிடைத்தது. கறையான் பாதி தின்றிருந்தது. அறபு எழுத்து. கிழிந்த முஸ்ஹபையும் கிதாபுகளையும் ஓடும் நீரில் விடுவதே எங்கள் வழக்கம். உம்மும்மா கட்டை வெள்ளைத் துணியில் சுற்றி, என் தலையில் வைத்து, கங்கைக்கு அழைத்துச் சென்றார். போகும் வழியில், துணி விலகிய இடத்தில் தெரிந்த வரியை ஓதப்பள்ளியில் பழகியவாறு எழுத்துக் கூட்டினேன். குர்ஆன் போல ஓடவில்லை. அறியாத புள்ளிகள் சில இருந்தன. ஆனாலும் நாவில் வந்தது தமிழ். உப்பு என்பது போல ஒரு சொல். பொதி என்பது போல ஒன்று. பின் ஏதோ ஒரு கணக்கு.

"உம்மும்மா, இதுல உப்புன்னு இருக்கு" என்றேன்.

"வாசிக்காத மனே, அது கிதாபு. கால் கையில படப் போகுது" என்றார்.

கங்கையில் விட்டோம். சிறிது நேரம் மிதந்து, கல்லொன்றில் தட்டி, திரும்பி, போயிற்று. உம்மும்மா ஸலவாத் ஓதினார்.

அறபுத் தமிழ் என்று ஒன்று உண்டென்பதை நான் அறிந்தது இருபது வயதுக்குப் பிறகு. தமிழை அறபு எழுத்தில் எழுதினார்கள். தமிழுக்குரிய ஒலிகளுக்கென்று புள்ளியிட்டுப் புதிய எழுத்துகளை ஆக்கினார்கள். மார்க்க நூல் மட்டுமன்றிக் கடிதமும் கணக்கும் அதில் எழுதினார்கள் என்று படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் கட்டு என்னவென்று உறுதியாகச் சொல்ல இன்று வழியில்லை. தவளக் கணக்காக இருக்கலாம், வேறெதுவாகவும் இருக்கலாம். உம்மும்மாவைக் குறை சொல்லவும் மாட்டேன். எழுத்தின் மீது அவர் கொண்டிருந்த மரியாதையே அதனை ஆற்றில் விட வைத்தது. வாசிக்கத் தெரிந்த ஒருவர் அன்று எங்கள் ஊரில் இல்லாமற் போனதுதான் குறை. அலுவிகாரையிலிருந்து மூன்று கிலோமீற்றர் தூரத்தில் இது நடந்தது.

இடம்பெயர்ந்த கல்

மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் நடுவே, பிரதான வீதியிலிருந்து கிழக்கே திரும்பினால் நாலந்தைக் கெடிகே. மாமல்லபுரம் கண்டவர்களுக்கு உடனே பழக்கப்பட்டதாகத் தோன்றும் கருங்கற் கட்டடம். பல்லவர் பாணி; ஆனால் பௌத்த வழிபாட்டிடம். 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதென அறிஞர் கருதுவர். தமிழ்நாட்டுச் சிற்பியின் உளியும் சிங்கள நாட்டின் வழிபாடும் சண்டையின்றி ஒரே சுவரில் இருக்கின்றன.

அது இன்று நிற்கும் இடம் அதன் பழைய இடமல்ல. போவதென்னை நீர்த்தேக்கம் அவ்விடத்தை மூழ்கடிக்கவிருந்ததால் 1975இல் கல் கல்லாகப் பிரித்து, 1980இல் மேட்டு நிலத்தில் மீண்டும் பொருத்தினர். எகிப்தில் அஸ்வான் அணைக்காக அபூசிம்பல் கோயிலை உயர்த்தி வைத்ததைப் போன்ற செயல். பாராட்டத்தக்கது. ஆனால் கல்லாக இருந்ததால்தான் அதனைத் தூக்கிவைக்க முடிந்தது. நீருக்கடியிற் போன வயல்களின் பெயர்களையும், தவளங்கள் தங்கிய மர நிழல்களையும் யாரும் பிரித்தெடுத்துப் பொருத்தவில்லை.

தம்புள்ளைக்கு அருகே இப்பன்கட்டுவையில் மண்ணுக்கடியில் கற்பலகைகளால் அமைத்த ஈமப்பேழைகள் உள்ளன. புத்த சமயம் இத்தீவுக்கு வருமுன், கி.மு. 700 முதல் 400 வரையான காலத்தவை. இறந்தவர்களின் சாம்பலோடு வைக்கப்பட்ட மணிகளுள் கார்னீலியன் என்னும் சிவப்புக் கல் மணிகளும் உண்டு. அக்கல் இத்தீவில் இல்லை, இந்தியாவிலிருந்து வந்தது. ஏறத்தாழ இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே யாரோ ஒருவர் அதைச் சுமந்து இப்பள்ளத்தாக்குக்கு வந்திருக்கிறார். மாத்தளையின் மிகப் பழைய வரலாறும் வந்து சேர்ந்தவற்றின் வரலாறே.

அந்த மணிகள் கிடைத்த இடத்திலிருந்து சில கிலோமீற்றரில், 1991இல் உலக மரபுரிமையான குகை விகாரைக்கருகே, 2012 ஏப்ரல் 20ஆம் திகதி வெள்ளிக்கிழமை ஒரு கூட்டம் தம்புள்ளைப் பள்ளிவாசலைத் தாக்கியது. புனித பூமியில் அதற்கு இடமில்லை என்பது அவர்களின் வாதம். அடுத்த ஆண்டு அங்கிருந்த அம்மன் கோயிலும் இடிக்கப்பட்டது. அந்நாட்களில், நாங்கள் இங்கு எவ்வளவு காலமாக இருக்கிறோம் என்று நிறுவ நம்மவர்கள் பத்திரங்களைத் தேடி ஓடினர். இருப்புக்குச் சான்று கேட்கப்படும் வேளையில்தான் ஏட்டின் அருமை தெரிகிறது. ஒரு வழிபாட்டிடத்தின் உரிமை அதன் வயதைப் பொறுத்ததல்ல என்பது என் உறுதியான கருத்து. ஆயினும் கேட்பவனுக்காக அல்லாவிட்டாலும், நம் பிள்ளைகளுக்காகவேனும் நாம் பதில் வைத்திருக்க வேண்டாமா?

இனி

கண்டியில் சித்தி லெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் 'அஸன்பே சரித்திரம்' வெளியிட்டார். எழுத்தின் தேவையை நமக்கு உணர்த்தியவர் இருபத்தாறு கிலோமீற்றர் தூரத்தில் இருந்திருக்கிறார். அந்த வழியில் பெரிய வரலாற்று நூல் எழுத எல்லோராலும் இயலாது. ஆனால் சில காரியங்கள் எல்லோராலும் இயலும். பரணிலிருக்கும் அறபெழுத்துக் காகிதத்தை ஆற்றில் விடுமுன், அது குர்ஆனா, தமிழா என்று தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டலாம். மையவாடியின் பழைய மீஸான் கற்களிலுள்ள பெயர்களையும் ஆண்டுகளையும் பள்ளி மாணவர்களைக் கொண்டு பதிவு செய்யலாம். நூறு ஆண்டுக்கு முந்திய காணி உறுதிகளில் வயல்களும் துறைகளும் எப்பெயரால் குறிக்கப்பட்டுள்ளன என்று பார்க்கலாம். எண்பது வயது தாண்டியவர்களிடம், தங்கள் அப்பாமார் எங்கே உப்பு வாங்கினார்கள், எந்த ஊரில் மாடு அவிழ்த்தார்கள் என்று கேட்டு எழுதலாம். இதற்கு நிதியும் சபையும் தேவையில்லை. கொப்பி ஒன்று போதும்.

சென்ற முறை மாத்தளை சென்றபோது, கட்டை விட்ட அதே துறைக்குப் போனேன். நீர் உயர்ந்து, அந்தக் கல் தெரியவில்லை. அதன் மேலால் மகாவலித் தண்ணீர் வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.